ஜன்னல் மேசை

ஒரு மனிதர் ரசித்துச் சாப்பிடுகிற முகத்துக்கு விலை உண்டா என்றால், உண்டு மேடம். ஒரு வேளைச் சாப்பாடு, போகவரப் பஸ் காசு. அதற்கு மேல் கேட்டவர்களை நான் வைத்துக்கொண்டதில்லை. அதற்குக் கீழே கொடுத்தும் பார்த்தேன், முகம் சரியாக வரவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். இந்தப் படத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் யார்? ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அத்தான். என் அக்காவின் கணவர். ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டு நீங்கள் எழுந்துபோகிற ஆள் இல்லை என்று தெரிகிறது. சுகாதார அதிகாரி இந்தச் சந்துக்குள் தானே நடந்து வருவது சும்மா இல்லை. உட்காருங்கள். மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவிடுகிறேன், பின்னறை, காற்று வராது. டீ சொல்லட்டுமா? வேண்டாம், சரி. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இந்தக் கடையில் எதையும் வாயில் வைக்க மாட்டேன்.

எங்களுடையது கடைவீதிக் குடும்பம். அப்பா பஸ் நிலையத்துக்கு எதிரே பெட்டியும் பையும் விற்றார். காலியாக இருக்கும் கடைக்குள் எவனுக்கும் கால் வராது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் சித்தப்பா தினமும் காலையில் இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கினவர் மாதிரி வருவார். ஒரு பெட்டியைத் தட்டுவார், திறப்பார், மூடுவார்.

“என்ன முதலாளி, உள்ள தங்கம் வெச்சிருக்கீங்களா, இந்த விலை சொல்றீங்க?”

“உங்க வசதிக்குப் பூட்டு மட்டும் வாங்கிட்டுப் போங்க. பெட்டி அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்” என்பார் அப்பா.

கூடப் பிறந்த அண்ணன் தம்பி. பேச்சு சூடேற ஏறக் கூட்டம் கூடும். கடைசியில் சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சந்தைச் சுற்றிப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து வைத்துவிடுவார். ஒரே பெட்டியை அவர் வருஷக்கணக்கில் வாங்கினார். கைப்பிடி தேய்ந்துபோயிற்று என்று அப்பா அவரைத் திட்டியதுகூட உண்டு. யாருக்கும் நஷ்டமில்லை. பெட்டி நல்ல பெட்டிதான். அப்படித்தான் நான் வளர்ந்தேன்.

இந்த ஊருக்கு வருகிறவர்களை உங்களுக்கும் தெரியும். கடலைப் பார்க்க வருகிறார்கள், அரை நாளில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரே கவலை, எங்கே சாப்பிடுவது. கடற்கரைச் சாலையில் வரிசையாக ஹோட்டல்கள். வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்கிறான். பலகையில் ஐந்து மொழி, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கலர் படம். அது அவர்களுக்கு வேண்டாம். ‘இந்த ஊர்க்காரங்க எங்க சாப்பிடுவாங்களோ, அந்த இடத்தைக் காட்டுங்க’ என்பார்கள். உண்மையைச் சொன்னால் மனசு ஒடிந்துபோவார்கள். ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்குப் போக நேரமில்லாதவர்கள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே அடுத்த படகுக்கு ஓடுகிறார்கள். ஊர்க்காரர்கள் சாவகாசமாக உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடும் கடை என்று ஒன்று இந்த ஊரில் கிடையவே கிடையாது. இல்லாத சரக்குக்கு இத்தனை கிராக்கி இருந்தால் பெட்டிக்கடைக்காரர் மகன் என்ன செய்வான்?

மீன் சந்தைக்குப் பின்னால் இந்த இடத்தைப் பிடித்தேன். புதுப் பலகை எழுதி வாங்கி, செங்கல்லால் தேய்த்துப் பழசாக்கினேன். எழுதிய பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். புது நாற்காலிகளைக் கொடுத்து, முனையிலிருக்கும் டீக்கடைக்காரரிடம் ஆட்டம் காண்கிற பெஞ்சுகளை வாங்கினேன். மாஸ்டரை ஒரு கல்லூரி விடுதியிலிருந்து கூட்டிவந்தேன். கடலை அதுவரை காலண்டரில்தான் பார்த்திருக்கிறார், ஆனால் கை நல்ல கை. எல்லாம் தயார். வெளியூர்க்காரர்கள் சந்துக்குள் வருவார்கள், எட்டிப் பார்ப்பார்கள், காலி பெஞ்சைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள்.

அப்போதுதான் சித்தப்பா ஞாபகம் வந்தார்.

சந்தில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி ஜன்னலோரம் ஒரு நீள மேசை போட்டேன். அதில் உட்கார ஆட்களைப் பிடித்தேன். வலை பின்னுகிறவர் ஒருவர், சந்தையில் சுமை தூக்கி முதுகு போனவர் ஒருவர், இப்படி. கடைக்குள் அவர்களுக்கு ‘முகம்’ என்று பெயர். ‘இன்னிக்கு எத்தனை முகம் வந்திருக்கு?’ என்று மாஸ்டர் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். விதிகள் அதிகமில்லை. ரொம்பச் சுத்தமாக வரக்கூடாது. போனை வெளியே எடுக்கக்கூடாது. வெளியூர்க்காரர்கள் சிரித்தால் சிரிக்கலாம், நாமாகச் சிரிக்கக்கூடாது. முக்கியமானது ஒன்று உண்டு: ஒரு குறை சொல்ல வேண்டும். ‘மாஸ்டர், நேத்து மாதிரி இல்லையே’ என்று சத்தமாக. புதிதாக வந்தவன் புகழ்வான். தினம் வருகிறவன்தான் உரிமையோடு குறை சொல்வான்.

“நிஜமாவே நல்லா இல்லைன்னா என்ன சொல்றது?” என்று வலை பின்னுகிறவர் கேட்டார்.

“அன்னிக்கு மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க” என்றேன்.

கடை நிரம்பியது. பசித்தவர்களுக்குச் சாப்பாடு கிடைத்தது, வந்தவர்களுக்கு நம்பிக்கை கிடைத்தது. இதுவரைக்கும் சொன்னதில் நான் வெட்கப்பட எதுவுமில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது, கடையையும் சரி, இந்தப் பேச்சையும் சரி.

அத்தான் படகு என்ஜின் மெக்கானிக். ஊரிலிருந்த மீன்பிடிப் படகுகளை உல்லாச சவாரிக்கு மாற்றியபோது புது வகை என்ஜின் வந்தது. அதன் மூடியைத் திறக்கவே கம்பெனி ஆள் வர வேண்டும். அத்தானுக்கு வேலை போயிற்று. அக்கா ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். எனக்குத் தலை வாரிவிட்டு, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“தம்பி, அவருக்கு ஏதாவது வேலை குடுடா. வீட்டுல உக்காந்து கூரையையே பாத்துட்டு இருக்காரு.”

“இங்க என்னக்கா என்ஜினா ஓடுது?”

“தட்டு கழுவட்டும், மேசை துடைக்கட்டும். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“சேச்சே. அத்தானைப் போய் நான் தட்டு கழுவச் சொல்வேனா? வந்து உக்காந்து சாப்பிடட்டும்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரி போட்டுப் போட்டு உள்ளங்கை காய்ந்து தோலாகிப் போயிருந்தது. எனக்கு ஒரு நல்ல முகம் கிடைத்த சந்தோஷம். அவளுக்குத் தம்பி பெரிய மனசுக்காரன் என்ற சந்தோஷம். அந்த நன்றியை நான் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

அத்தான் முதல் நாளே, “என்ன மாப்ளே, சாப்பிடுறதுக்குச் சம்பளமா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க அக்காவைக் கட்டாமலேயே வந்து சேந்திருப்பேனே” என்றார்.

அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தட்டு வந்ததும் உடனே கை வைக்க மாட்டார். அதைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி, எங்கே ஆரம்பிப்பது என்று யோசிப்பார், பிரிக்கவேண்டிய என்ஜின் மாதிரி. மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் முழுசாக எடுத்து ஓரமாக வைப்பார். முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் அசையாமல் இருப்பார். அது நடிப்பு இல்லை. வெளியே நிற்கிறவர்கள் அந்தக் கணத்தில்தான் உள்ளே வருவார்கள். உட்கார்ந்ததும், ‘அவர் சாப்பிடுறது எதுவோ அது எங்களுக்கும்’ என்பார்கள். நான் விலைப்பட்டியலையே எடுத்துவிட்டேன். என்ன விற்க வேண்டுமோ அதை அத்தான் முன்னால் வைத்தால் போதும்.

ஒருநாள் அவர் ஒரு மீன் துண்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததைப் பார்த்துவிட்டேன். அக்காவுக்கு. நான் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்: “அத்தான், ரசிச்சு சாப்பிடுறவரு பார்சல் கட்ட மாட்டாரு. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?” அவர் காது சிவந்துபோயிற்று. பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துத் தின்றார். அன்றைக்கும் முதல் வாய்க்குக் கண்ணை மூடினார். அது நடிப்பு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

வெயில் கூடிய ஒரு பருவத்தில் கடல் ஓரம் செம்மண் கரைத்த மாதிரி நிறம் மாறியது. அந்தத் தண்ணீரில் சிப்பிக்கு விஷம் ஏறும், அதனால் பாறைச் சிப்பியைக் கொஞ்ச காலத்துக்கு யாரும் எடுக்கவோ விற்கவோ கூடாது என்று உங்கள் அலுவலகம்தான் அறிவிப்பு ஒட்டியது. படித்தேன் மேடம். பார்க்கவில்லை என்று சொல்லப்போவதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கடையில் சிப்பி என்றால் உயிர். சந்தையில் யாரும் தொடாததால் பின்வாசலில் மூட்டை மூட்டையாக அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். விலை இறங்கிய சரக்கைப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது.

மாஸ்டர் மூட்டையை முகர்ந்து பார்த்தார். “வாசனை நல்லாத்தான் இருக்கு முதலாளி. அதான் பயமா இருக்கு. நாத்தம் வந்தா தூக்கிப் போட்டுடலாம். இந்த விஷம் வாசனையில தெரியாதாமே.”

“தெரிஞ்சுக்க வழி இருக்கு. பதினொரு மணிக்கு ஜன்னல் மேசைக்குப் போடுங்க. வெளியூர் ஆளுங்க ஒரு மணிக்குத்தானே வர்றாங்க? நடுவுல பாத்துக்கலாம்.”

“எதைப் பாத்துக்கிறது?”

மாஸ்டர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த கரண்டியை மறுபடியும் துடைத்தார்.

“அப்போ அவங்க?” என்றார்.

“அவங்க இந்தக் கடல்லயே பிறந்து வளந்தவங்க மாஸ்டர். அவங்க வயிறு தாங்கும்.”

அன்றிலிருந்து மாஸ்டர் சமைத்ததை ருசி பார்ப்பதை விட்டுவிட்டார். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். ஜன்னல் மேசைக்காரர்கள் சொன்ன குறையெல்லாம் முதல் தடவையாக நிஜமாயிற்று.

சில நாள் போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் எல்லா முகங்களுக்கும் வைத்தேன். பிறகு யோசித்தேன், எதற்கு நாலு பேர்? ஒருவர் போதும். வெளியாளுக்கு ஏதாவது ஒன்று என்றால் வெளியே போய்ச் சொல்வான். வாயை மூடிக்கொள்கிறவராக, நம்முடையவராக இருந்தால் நல்லது. அத்தான் பக்கம் கிண்ணத்தை நகர்த்தினேன். மற்ற மூவரும் மீனைப் பார்த்துவிட்டு அத்தானுடைய கிண்ணத்தைப் பார்த்தார்கள். “பாருங்கய்யா, முதலாளி வீட்டு மாப்பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு” என்றார் சுமை தூக்கினவர். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தானுக்கு அது நடந்த நாளுக்கு முந்தின மாலை கடையில் சிப்பி மிஞ்சியது. பகலெல்லாம் வெளியூர்க்காரர்கள் தின்ற அதே மூட்டை. நான் ஒரு பையில் போட்டு அத்தானிடம் கொடுத்தேன். “அக்காகிட்ட குடுங்க.” காகிதத்தில் மடித்த மீன் துண்டு என் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதைத்தான் பிற்பாடு நான் பயன்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் புது மூட்டை. அத்தான் சாப்பிட்டார். நான் கல்லாவில் இருந்தேன். பன்னிரண்டு தாண்டியிருக்கும், அவர் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, இன்னிக்குக் காரம் தூக்கலா? உதடு என்னவோ பண்ணுது.”

அன்றைக்கு மாஸ்டர் காரமே போடவில்லை. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பானையைத் தூக்கிப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார். எனக்கு அப்போது மனசில் வந்த முதல் எண்ணம் என்ன என்று உண்மையாகச் சொல்கிறேன்: நல்லவேளை. வழி வேலை செய்கிறது.

அதே நேரம், வழக்கத்துக்கு முன்னாலேயே, வாசலில் வெளியூர்க்காரர்கள் வந்து நின்றார்கள். ஒரு பயண ஏஜென்ட் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் ஆட்களை அனுப்பியிருந்தார். பிடித்துப்போனால் சீசன் முழுக்கத் தினமும் ஒரு கூட்டம். முன்னால் வந்தது அகலமான தொப்பி போட்ட அம்மாள். ஜன்னலில் அத்தானைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

அத்தான் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. “கால் மரத்துப்போச்சு மாப்ளே” என்றார், வெட்கப்படுகிற மாதிரி. கரண்டி கையிலிருந்து நழுவியது.

நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். “கொஞ்ச நேரம் அப்படியே உக்காருங்க அத்தான். இவங்க சாப்பிட்டுப் போயிடட்டும். உடனே வண்டி வெச்சுப் போயிடலாம்.”

அவர் தலையை ஆட்டினார். தொழில் தெரிந்தவர். ஜன்னல் மேசையில் ஒருத்தர் சுருண்டு விழுந்தால் கடை என்ன ஆகும் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொப்பிக்கார அம்மாள் பக்கத்தில் வந்து, நல்லா இருக்கா என்று சைகையில் கேட்டாள். அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, இன்னொரு பக்கத்தில் எச்சில் வழிந்தது. நாக்கில் ஊறுகிற ருசி என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டாள். படம் எடுத்தாள். உங்கள் கையிலிருக்கும் இந்தப் படம்தான். ‘நான் பார்த்ததிலேயே மிகச் சந்தோஷமான மனிதர்’ என்று அந்த அம்மாள் அதன் கீழே எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். முன்னால் இருக்கும் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மாஸ்டர் அடுப்பை விட்டு வந்தார். “முதலாளி, வண்டி கூப்பிடட்டுமா?”

“மீனைப் போடுங்க மாஸ்டர்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தார். “முதலாளி.”

“சாப்பாடு போடுங்க.”

அத்தானின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. அப்போது நானும் சுமை தூக்கினவரும் ஆளுக்கு ஒரு கையைத் தோளில் போட்டு அவரைத் தூக்கினோம். நான் சத்தமாகச் சிரித்தேன். “அத்தான் இன்னிக்கு ஒரு பிடி பிடிச்சுட்டாரு!” வெளியூர்க்காரர்களுக்குப் பாஷை புரியாது, ஆனால் சிரிப்பு புரியுமே. அவர்களும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தது இந்த அறையில்தான், நீங்கள் நாற்காலி போட்டிருக்கிற இடத்தில். மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. பேச்சு இல்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது, எல்லாம் தெரிந்த கண். “இதோ வந்துடறேன் அத்தான்” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனேன். சுமை தூக்கினவரை ஜன்னலோர இடத்துக்கு நகர்ந்து உட்காரச் சொன்னேன். காலியாகத் தெரியக்கூடாது இல்லையா?

அவர்கள் சாப்பிட்டு, பாராட்டி, படம் எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டார். “மூச்சு விடுற தசையெல்லாம் செயலிழந்து மூச்சு நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா மெஷின்ல மூச்சு குடுத்திருப்போம். இந்த விஷம் தானா இறங்கிடும் சார். அதுவரைக்கும் மூச்சு ஓடினாப் போதும்” என்றார். குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

“என்ன சாப்பிட்டாரு?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஓடிவந்தாள், ராத்திரி போட்ட லாட்ஜ் சீருடையை மாற்றாமலே. கேள்வி அவள் காதில் விழுந்துவிட்டது. “நேத்து ராத்திரி சிப்பி சமைச்சேன் டாக்டர். நான்தான் சமைச்சேன். எனக்கு ராத்திரி வேலை, நான் சாப்பிடல, அவரு மட்டும்தான்.”

“எங்க வாங்கினது?”

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். “வாங்கல. பாறையில பொறுக்கிட்டு வந்தாரு.”

கவனித்தீர்களா மேடம்? நான் கொடுத்த பை அது. தடை செய்த சரக்கு என் கடையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் கடைக்குப் பூட்டு விழும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் உள்ளே கிடக்கும்போது அவள் தம்பி கடையைக் காப்பாற்றினாள்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். “ராத்திரி சாப்பிட்டிருந்தா ராத்திரியே தெரிஞ்சிருக்கணுமே. நேரம் ஒத்து வரலையே.”

அங்கேதான் நான் பேசினேன். அதுவரை பேசாமல் இருந்தது ஒரு குற்றம் என்றால், அப்போது பேசியதை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “மிச்சத்தைக் காலையில சூடு பண்ணிச் சாப்பிட்டிருப்பாரு டாக்டர்” என்றேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஆமா. மிச்சம் வெச்சிருந்தேன். காலையில வந்து பாத்தப்போ பாத்திரம் காலியா இருந்துச்சு” என்றாள்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். உங்கள் அலுவலகக் காகிதத்தில் ‘வீட்டில் சமைத்த உணவு’ என்று இருப்பது அப்படி வந்ததுதான்.

மாஸ்டர் அடுத்த நாள் வரவில்லை. சம்பளம் கேட்டும் வரவில்லை. அக்காதான் வந்தாள், காரியமெல்லாம் முடிந்த பிறகு. “உன் கடையில அத்தனை பேரு சாப்பிட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அப்போ கோளாறு சரக்குல இல்லடா தம்பி. என் கையிலதான். நான் சரியா கழுவலையோ, சரியா வேகவைக்கலையோ, தெரியல.” நான் அவள் கையைப் பார்த்தேன். அந்தக் காய்ந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். “விடுக்கா, விதி” என்றேன்.

அவள் அடுப்பை மூட்டுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி அவள் கொடுத்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாளாம். தன் கையால் ஒரு டீ போட்டுக்கூட அவள் குடிப்பதில்லை. பட்டினி கிடந்து உடம்பு பாதியாகிவிட்டது. எப்படி விடுவது? கூடப் பிறந்தவள் ஆயிற்றே. “தினமும் மத்தியானம் கடைக்கு வந்துடுக்கா. நான் போடறேன்” என்றேன். அழுதாள். வந்தாள்.

காற்று வருமே என்று ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவளுக்கு ‘முகம்’, அதற்கான விதிகள் எல்லாம் ஒன்றும் தெரியாது. தம்பி பாசத்தில் போடுகிறான் என்று நினைக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு, வேறு யாரோ சமைத்த சாப்பாட்டை நிம்மதியாக, மெதுவாகச் சாப்பிடுகிறாள். வெளியூர்க்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. சிப்பியை நான் அதன்பிறகு தொடுவதே இல்லை, சத்தியமாக. மீனோ நண்டோ கொஞ்சம் பழசோ என்று சந்தேகம் வந்தால் மட்டும், முதல் தட்டு ஜன்னல் மேசைக்குப் போகிறது. அது கடைப் பழக்கம். அக்காவுக்கு முதலில் வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லையே.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம் மேடம். சொல்லும்போது எனக்கே கேட்கிறது.

நான் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாள் ஆயிற்று. இந்த அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, வேகமாகத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறேன். என் முகத்தை யாராவது பார்த்தால் அடுத்த நாள் கடைக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

இதையெல்லாம் அவளிடம் யார் சொல்வது என்று கேட்டீர்கள். நான்தான் சொல்ல வேண்டும். படத்தையும் நானே காட்டுகிறேன். நீங்கள் எழுதினதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், கடைச் சாவியையும் கொடுத்துவிடுகிறேன். ஒரு சின்ன வேண்டுகோள். முன்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்கிறதா? ஏஜென்டின் ஆட்கள் வந்துவிட்டார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது சொன்னால் அவள் அங்கேயே அலறிவிடுவாள், பாதிச் சாப்பாட்டில் எல்லோரும் எழுந்து போவார்கள். பாவம், தூரத்திலிருந்து வந்தவர்கள், அவர்கள் என்ன செய்தார்கள்? சாப்பிட்டு முடிக்கட்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அத்தானுக்கு நான் தர வேண்டியது ஒரு மணி நேரம். அக்காவுக்குத் தர வேண்டியது ஓர் உண்மை, அதன் மேல் அவள் அடுப்பு மூட்டாத அத்தனை வேளையும் வட்டி. வரவு என்று என் பக்கம் எழுத ஒன்றுமில்லை. இப்போது கேட்பது இன்னொரு மணி நேரம். அதையும் என் பற்றிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.